கலக்ஸி குவெஸ்ட் இரசிகர்களை இழிவுபடுத்துகிறதா?

கேள்வி (கல்லடி):
1999இல் வெளிவந்த 'கலக்ஸி குவெஸ்ட்' திரைப்படத்தை நேற்றிரவு தம்பியுடன் பார்த்தேன். ஸ்டார் ட்ரெக் போன்ற விண்வெளித் தொடர்களையும் அவற்றின் உடையணிந்து கூடும் இரசிகர்களையும் நையாண்டி செய்யும் இப்படம் அந்த இரசிகர்களை இழிவுபடுத்துகிறது என்கிறான். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில் (அக்கரைப்பற்று):
இல்லை அக்கா. பழைய விண்வெளித் தொடரொன்றை உண்மை என்று நம்பும் வேற்றுக்கிரகவாசிகள், அதன் நடிகர்களை நிஜமான விண்கப்பலுக்கு அழைத்துச் செல்வதுதானே கதை. அத்தொடரில் வரும் கப்பலின் உள்ளமைப்பை மனப்பாடமாக வைத்திருக்கும் இரசிகச் சிறுவன் முதலில் நாயக நடிகரிடம் ஏச்சு வாங்குகிறான். பின்னர் அவரே உயிர் தப்ப அவனை நாடுகிறார். எல்லாம் உண்மை என்று அவர் சொன்னதும், தனக்கு முன்பே தெரியும் என்று அவன் துள்ளும்போது என் கண் கலங்கிவிட்டது.

பதில் (வாழைச்சேனை):
அலன் ரிக்மன் நடித்த பாத்திரத்தையும் கவனியுங்கள். ஆண்டுக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தனக்கு வெறுத்துப்போன வசனத்தை, தன்னைத் தந்தையாகக் கருதிய வேற்றுக்கிரகவாசி இறக்கும் தறுவாயில், முதன்முறையாக மனமாரச் சொல்கிறார். இரசிகனின் அன்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது? 2000இல் அறிவியல் புனைவுகளுக்கு வழங்கப்படும் ஹியூகோ விருது இப்படத்துக்குக் கிடைத்தது பொருத்தமே.

பதில் (கல்முனை):
நாடகத்தை வரலாறாக நம்பும் அவ்வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டபோது, வடமோடிக் கூத்தில் அருச்சுனனாக ஆடியவரை விடிந்த பின்னரும் அருச்சுனனாகவே பார்த்த எங்கள் அம்மம்மா நினைவுக்கு வந்தார். வில்லன் பாத்திரம் மட்டும் ஆழமில்லாதது.