மெர்சிடிஸ் டபிள்யூ126: பவர் சீட் அசையவில்லை

கேள்வி: 1986 மாடல் 300எஸ்இ கார் (டபிள்யூ126 வரிசை எஸ்-கிளாஸ்). டிரைவர் சீட்டை முன்னால் நகர்த்த அழுத்தினால் மோட்டார் சத்தம் மட்டும் வருகிறது. உயரம், சாய்வு இரண்டுக்கும் சத்தமே இல்லை. ஃபியூஸ் சரி. மோட்டார்களை மாற்றணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. சத்தம் வந்தால் மோட்டார் ஓடுது. மோட்டாரின் சுழற்சியைச் சீட்டின் கியருக்குக் கொண்டுபோகும் டிரைவ் கேபிளைக் கழற்றிப் பாருங்க. சதுர முனை தேய்ஞ்சு உருண்டையாகியிருந்தால் கேபிளை மாத்தணும். முனை நல்லா இருந்தும் சாக்கெட்டுக்குள் எட்டலைன்னா, கேபிளின் வெளி உறையைச் சில மி.மீ. நறுக்கினால் போதும், உள் கம்பி அவ்வளவு வெளியே நீளும். சீட் நகரும் தண்டவாளத்தில் மெழுகாய் இறுகின பழைய கிரீஸையும் துடைச்சிடுங்க, இல்லைன்னா புதுக் கேபிளும் தேயும்.

பதில் 2: சத்தமே இல்லாததுக்கு முதல் சந்தேகம் கதவில் இருக்கும் சுவிட்ச். அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மோட்டார் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்க. 12 வோல்ட் வந்தால் மோட்டார் அல்லது அதுக்குள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் போச்சு. வரலைன்னா சுவிட்சுக்குள் கறுத்த கான்டாக்டைச் சுத்தம் பண்ணுங்க. கதவுக் கீல் பக்கம் மடியும் ஒயர் அறுந்திருக்கான்னும் பார்க்காம விட்டுடாதீங்க.