குழந்தையை மலைப்பகுதி மருத்துவமனைக் குடியிருப்புக்கு அழைத்துச் செல்லலாமா?

சேலத்து மருத்துவர்:
வணக்கம். சேலத்தில் எம்.பி.பி.எஸ். முடித்து ஏழு ஆண்டுகள் பணியாற்றியபின், கணவரின் வேலைக்காக மூன்று மாதங்களுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தேன். வடக்குக் குவாசுலு-நட்டாலில் உள்ள ஒரு மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர்களே இல்லை என்றும், திங்கட்கிழமையே வந்தால் குடியிருப்பும் தருவோம் என்றும் தொலைபேசியில் சொல்கிறார்கள். நான்கு வயது மகளை உடன் அழைத்துச் செல்வதா, டர்பனில் கணவரிடம் விட்டுச் செல்வதா? உறக்கமே இல்லை, தயவுசெய்து இன்றே பதில் தாருங்கள்.

எம்பாங்கேனி மருத்துவர்:
சகோதரி, முதலில் சுலு மொழியைக் கற்கத் தொடங்குங்கள். நான் 2011-இல் இப்படியொரு மருத்துவமனையில் சேர்ந்தபோது "குபுஹ்லுங்கு குபி?", அதாவது "எங்கே வலிக்கிறது?", என்று கேட்கக்கூடத் தெரியாமல், செவிலியர் வரும்வரை நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஊரில் சிறப்பு மருத்துவர் செய்யும் சிசேரியனையும் முதுகுத்தண்டு மயக்க ஊசியையும் இங்கே பொது மருத்துவர்களே மாறி மாறிச் செய்ய வேண்டும். முதல் ஆறு மாதங்கள் அழாத இரவு குறைவு.

டர்பன்வாசி:
குழந்தையோடு போகவே போகாதீர்கள். அதே மாகாணத்தின் துகேலா ஃபெர்ரியில் 2005-06-இல் எம்மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்ததை மறந்துவிட்டோமா?

எம்பாங்கேனி மருத்துவர்:
ஐயா, அந்தக் காலத்தைக் காட்டி அச்சுறுத்துவது நியாயமன்று. 2018 முதல் இங்கே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஊசிக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரை தரப்படுகிறது. என் இரு பிள்ளைகளும் குடியிருப்பில்தான் வளர்ந்தார்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா:
என் மகள் இங்கேயே மருத்துவம் படித்து, 1998 முதல் மருத்துவர்களுக்குக் கட்டாயமாக உள்ள ஓராண்டுச் சமூகச் சேவையையும் முடித்துவிட்டு, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள். பணியிடங்கள் காலியாக இருந்தாலும் அவற்றுக்குச் சம்பளப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, தங்கச்சி. ஆனால் மருத்துவர் இல்லை என்று சொல்லும் மருத்துவமனைக்கு என் மகளின் விண்ணப்பம் மட்டும் ஏன் தெரியவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

டர்பன்வாசி:
முற்றிலும் உண்மை, அக்கா. அந்த ஓராண்டு முடிந்ததும் வேலை தராமல் அனுப்பிவிட்டு, ஆளில்லை என்று புலம்புகிறார்கள்.

பிரிட்டோரியா நண்பர்:
அக்காவின் வேதனை நியாயமானது. உள்நாட்டு மருத்துவருக்கே முன்னுரிமை என்பதுதான் விதியும். ஆனால் அம்மா, நீங்கள் சொல்லாத மூன்று செய்திகள் தெரியாமல் உங்களுக்கு ஒருவரும் பதில் சொல்ல முடியாது. தேசியச் சுகாதாரத் துறையின் வெளிநாட்டுப் பணியாளர் பிரிவிலிருந்து ஒப்புதல் கடிதம் வந்துவிட்டதா? மருத்துவர்களைப் பதிவுசெய்யும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் தேர்வை முடித்துப் பதிவு பெற்றீர்களா? கணவர் இந்நாட்டுக் குடிமகனா, நிரந்தர வதிவிடம் பெற்றவரா, வேலை விசாவில் இருப்பவரா?

சேலத்து மருத்துவர்:
பட்டச் சான்றிதழ் எபிக் என்ற சர்வதேசச் சரிபார்ப்புச் சேவை வழியாகச் சரிபார்க்கப்பட்டுவிட்டது. ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. தேர்வு இன்னும் எழுதவில்லை. கணவர் வேலை விசாவில் இருக்கிறார். நான் அவருடன் வந்த துணைவி விசாவில் இருக்கிறேன்.

பிரிட்டோரியா நண்பர்:
அப்படியானால் திங்கட்கிழமை கட்டாயம் போகாதீர்கள். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது 1974-ஆம் ஆண்டின் 56-ஆம் சட்டப்படி குற்றம். துணைவி விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யவும் இயலாது, தனியாக வேலை விசா பெற வேண்டும். மருத்துவமனைக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் நிலையைச் சொல்லி, பணியிடத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமான பொதுத்துறைப் பதிவில் தனியார் மருத்துவம் பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மகளை இப்போது இடம் மாற்ற வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் ஒரு வார இறுதியில் மூவரும் அங்கே சென்று, குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அருகில் கிரெஷ் எனும் குழந்தைக் காப்பகம் இருக்கிறதா, இரவுப் பணிக்கு நீங்கள் அழைக்கப்பட்டால் குழந்தையோடு இருக்க நம்பகமான ஒருவர் கிடைப்பாரா என்பவற்றை நேரில் பார்த்து வாருங்கள். நம்பகமான ஆள் கிடைத்தால் மகள் உங்களோடு வரட்டும்.