முதல் ஸ்கிரிப்டிங் மொழி: பெர்லா, பைத்தானா? உங்கள் அனுபவம் என்ன?

சின்னச் சின்ன வேலைகளைக் கணினியே செய்துமுடிக்க எழுதும் நிரல் மொழிகளைத்தான் கேட்கிறேன். என் கதையை நானே தொடங்குகிறேன். என்னைப் பைத்தான் பக்கம் தள்ளியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

2012இல் ஒரு சின்னப் பதிப்பகத்தின் பழைய கோப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் வேலை வந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பை.

பக்கத்து இருக்கை அண்ணன் பழைய பெர்ல் ஆள். “டெக்ஸ்ட்னா பெர்ல்தான் தம்பி. 1987ல லேரி வால் அதுக்குத்தானே எழுதினார்” என்று சொல்லி, ஒரே மாலையில் நாற்பது வரி எழுதிக் கொடுத்தார். ஓடியது. மூன்று மாதம் கழித்து மேற்கோள் குறி ஒன்றைச் சேர்க்கத் திறந்தேன். டாலரும் சாய்கோடுமாகக் கோலம் போட்டிருந்தது, ஒரு வரி புரியவில்லை. பெர்லை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கமென்ட் (விளக்கக் குறிப்பு) எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, பைத்தான் படிக்கலாம் என்று அதன் பதிப்பு 2.7இல் உட்கார்ந்தேன். முதல் நாளே யூனிகோட் டிகோட் எரர், அதாவது எழுத்தைப் படிக்க முடியவில்லை என்ற பிழை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 15 என்றது, எழுத்தை அல்ல, அதைச் சேமிக்கும் பைட்டை எண்ணுகிறதாம். பதிப்பு 3க்கு மாறியதும் 5 ஆனது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அதுவும் நம் கணக்குப்படி மூன்று இல்லை. ஆனாலும் அது என்ன செய்கிறது என்று புரிந்தது.

பெரிய அடி ‘கொடுத்தான்’ சொல்லில் விழுந்தது. திரையில் சரியாகத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது: என் ஸ்கிரிப்ட் முதலில் ‘கெ’யை மாற்றிவிட்டு, அப்புறம் துணைக்காலைத் தனியாக ஒட்டியிருக்கிறது. யூனிகோடில் ஒகரத்துக்குத் தனிக் குறியே உண்டு. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றும்படி வரிசையைத் திருப்பினேன். ஏற்கெனவே கெட்டவற்றை பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் கட்டளை ஒரே வரியில் சரிசெய்தது. அண்ணனிடம் பெருமையாகக் காட்டினால், “பெர்ல்லயும் இருக்கு தம்பி” என்றார். இருக்கிறதுதான். பைத்தானில் அதை நானே தேடி எடுத்தேன்.

*

நான் சர்வர் பக்கம். எனக்கு இரண்டும் அப்புறம்தான், முதலில் பாஷும் (லினக்ஸில் கட்டளை தட்டும் ஷெல்) ஆக்கும் (awk, உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படிக்கும் கருவி). அப்பாச்சி வலை சர்வரின் லாகில் (பதிவேட்டில்) ஒன்பதாவது பத்தி 500, அதாவது சர்வர் பிழை, என்று இருக்கும் வரிகளை எடுத்து, எந்த முகவரி எத்தனை தடவை என்று எண்ண ஒரு வரி போதும். ஆக் 1977இல் வந்த கருவி, இன்னும் எந்த லினக்ஸ் பெட்டியிலும் கிடைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எதையும் இன்ஸ்டால் செய்துகொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு வரி எழுபது வரி ஆனபோது விடாப்பிடியாக ஷெல்லிலேயே வைத்திருந்தேன். கோப்புப் பெயரில் இடைவெளி வந்த அன்று எல்லாம் கவிழ்ந்தது.

*

முதலில் பாமினி கதை சொன்னவருக்கு: நீங்கள் அப்போதே பைத்தான் 3க்குப் போனது அதிர்ஷ்டம். எங்கள் பழைய அலுவலகம் 2020 ஜனவரி 1 வரை, பைத்தான் 2க்கு ஆதரவு நிற்கும் நாள் வரை, அசையவே இல்லை. அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் கட்டளைகளை மாற்றுவது எளிது. வகுத்தல்தான் படுத்தியது: 7ஐ 2ஆல் வகுத்தால் முன்பு 3, இப்போது 3.5. பிழைச் செய்தி எதுவும் வராது, பில் மட்டும் தப்பாக வரும்.