சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பீங்கான் கலங்கரை விளக்கம்: இதன் அசல் எது?

பாறசாலை வாசகர்:
திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய பொருள்கள் விற்கும் ஒருவரிடம், ஒரு சாண் உயரமுள்ள பீங்கான் கலங்கரை விளக்கம் ஒன்றை அண்மையில் வாங்கினேன். உடல் முழுவதும் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டைகளாக உள்ளன. அடிப்பகுதி அகன்று, மேலே போகப் போக வளைவாகக் குறுகுகிறது. அடிப்புறத்தில் 1759 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. பீடத்தில் அலையோ பாறையோ இல்லாமல் வெறும் பச்சை வண்ணமே பூசியிருப்பதால், என் அண்ணன் மகன் இதைத் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் என்றும், செய்தவர் கடலை மறந்துவிட்டார் என்றும் சொல்கிறான். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வண்ணம் சில இடங்களில் உதிர்கிறது. மீண்டும் பூசலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கொல்லங்கோட்டு வாசகர்:
ஐயா, விழிஞ்ஞம் விளக்கத்துக்கும் அதே வண்ணப் பட்டைகள்தாம் என்றாலும், அது 1972இல் இயங்கத் தொடங்கிய, ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுள்ள உருளை வடிவக் கோபுரம். நீங்கள் சொல்லும் வளைவு அதில் இல்லை. அந்த வளைவையும் 1759 என்ற ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு அப்பால் எடிஸ்டன் பாறைகளின் மேல் ஜான் ஸ்மீட்டன் கட்டிய கோபுரத்தின் மாதிரி இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பாறைகளில் அவருக்கு முன்னரே இருவர் கட்டிப் பார்த்திருந்தனர். ஹென்றி வின்ஸ்டான்லி எழுப்பிய மரக்கோபுரம் 1698இல் ஒளிர்ந்தது. 1703 நவம்பரில் வீசிய பெரும்புயல் அதையும், அன்றிரவு அதற்குள் தங்கியிருந்த அவரையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. அடுத்து ஜான் ரட்யர்ட் என்னும் பட்டு வணிகர் கட்டியதும் பெரும்பாலும் மரமே. அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 1755 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த அதன் காவலர் ஹென்றி ஹால், மேலிருந்து உருகி ஒழுகிய ஈயம் தொண்டைக்குள் இறங்கியதால் சில நாள்களில் இறந்தார். அவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈயக்கட்டி இன்றும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்மீட்டன் கல்லுக்கு மாறினார். ஓக் மரத்தின் அடித்தண்டைப் போலக் கோபுரத்தின் அடியை அகல விட்டார். ஒரு கல்லின் விரிந்த வால் பக்கத்துக் கல்லின் குடைவுக்குள் பூட்டிக்கொள்ளும்படி கிரானைட்டைச் செதுக்கினார். 1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுத்திரிகளோடு அது முதன்முதலாக ஒளிர்ந்தது.

குழித்துறை வாசகர் (கட்டடப் பணி):
கற்களைப் பூட்டியதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவற்றைப் பிடித்து நிறுத்திய சாந்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரையால் கட்டிய வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. ஆனால் சாதாரணச் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் மெல்ல இறுகும். அலை ஓயாமல் மோதும் பாறையில் அது பயன்படாது. எந்தச் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும் என்று ஸ்மீட்டன் ஒவ்வொன்றாகச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்புக்கே அந்தக் குணம் உண்டு எனக் கண்டறிந்தார். பிறகு வேல்ஸ் நாட்டு அபெர்தா சுண்ணாம்போடு இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலைக் கலந்து பயன்படுத்தினார். பிற்காலத்துச் சிமெண்டுக்கு வழிவகுத்த ஆய்வுகளில் இதற்கு முக்கியமான இடம் உண்டு.

பாறசாலை வாசகர்:
மிக்க நன்றி. அப்படியானால் பச்சைப் பீடம் செய்தவரின் பிழைதானே? பாறைமேல் நின்ற விளக்கத்தைப் புல்தரையில் வைத்தது ஏன்?

கொல்லங்கோட்டு வாசகர்:
பிழை இல்லை, ஐயா. உங்கள் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். கோபுரம் உறுதியாகவே இருந்தது. அதைத் தாங்கிய பாறைதான் அலையால் அரிக்கப்பட்டது. பெரிய அலை மோதும்போதெல்லாம் கோபுரம் அதிர்ந்ததால், ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்துப் பாறையில் 49 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் கட்டி 1882இல் முடித்தார். அதுவே இன்றும் கடலில் ஒளிர்கிறது. ஸ்மீட்டனின் கோபுரத்தை இடித்துத் தள்ள மனம் வராத பிளிமத் மக்கள் பணம் திரட்டினர். மேற்பகுதி கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, கடலைப் பார்த்தபடி இருக்கும் ஹோ என்னும் புல்வெளி மேட்டில் புதிய கிரானைட் அடித்தளத்தின்மேல் மீண்டும் அடுக்கப்பட்டது. 1884 முதல் பொதுமக்கள் அதில் ஏறிப் பார்த்துவருகிறார்கள். அசலின் அடிப்பகுதி மட்டும் பழைய பாறையிலேயே நிற்கிறது. ஆகவே, பாறையும் அலையும் உள்ள மாதிரி கோபுரத்தின் கடல் வாழ்வைக் காட்டுவது. பச்சைப் பீடம் கொண்ட உங்களுடையது 1884க்குப் பிந்தைய நிலையைக் காட்டுவது.

சித்தூர் (பாலக்காடு) வாசகர்:
பழைய பிரித்தானிய பென்னிக் காசுகள் உங்கள் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். 1860 முதல் 1894 வரையும், பிறகு 1937 முதல் 1970 வரையும் வந்த காசுகளில், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா உருவத்தின் அருகே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கும். அது எடிஸ்டன் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் அலமாரியில் நன்றாக இருக்கும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, தயவுசெய்து மீண்டும் பூசாதீர்கள். உதிர்கிறது என்றால், சூளையில் சுட்ட பிறகு மேலே பூசிய வண்ணமாகத்தான் இருக்கும். அது ஈரத்துணி பட்டாலே கரையக்கூடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். புதுப் பூச்சு பூசிய பொருளைவிட, உதிர்ந்த நிலையிலுள்ள பழைய பொருளையே சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.