பேஜ்லேண்ட் லேன்: விடிய விடிய நடந்த ஹியரிங்

கெயின்ஸ்வில்லிலிருந்து:

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) நாங்கள் வீடு பார்த்தபோது, "இதுக்கு மேற்கே பெரிசா எதுவும் வராது" என்று எல்லோரும் சொன்னார்கள். காரணம் இருந்தது. 1998-இல் கவுண்டி 'ரூரல் கிரெசென்ட்' என்று ஒரு பகுதியை ஒதுக்கி, பத்து ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று விதி வைத்திருந்தது. பக்கத்திலேயே மனாசஸ் போர்க்களப் பூங்கா. 1861-லும் 1862-லும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டு பெரிய சண்டைகள் நடந்த மண்.

அந்தப் பூங்காவை ஒட்டி ஓடும் பேஜ்லேண்ட் லேனில்தான் 'டிஜிட்டல் கேட்வே' திட்டம் வந்தது. சுமார் 2,100 ஏக்கர், 37 டேட்டா சென்டர்கள் (இணையத்துக்கான சர்வர் கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக வைத்து ஓட்டும் கட்டடங்கள்), இரண்டு கோடி சதுர அடிக்கு மேல் கட்டடம். 2022 நவம்பரில் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை மாற்றினார்கள். 2023 டிசம்பரில் ரீசோனிங், அதாவது அந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற வகையையே மாற்றுவது, வாக்கெடுப்புக்கு வந்தது. கவுண்டியின் திட்ட அதிகாரிகளே வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தார்கள். திட்டக் குழுவும் அதையேதான் சொன்னது.

டிசம்பர் 12 காலையில் ஆரம்பித்த ஹியரிங், அதாவது ஊர் ஜனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம், மறுநாள் மதியம்தான் முடிந்தது. 27 மணி நேரம்! பேசப் பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில். நடுராத்திரியில் ஹாலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, போட்டிருந்த குளிர் ஜாக்கெட்டையே போர்வையாக்கித் தூங்குகிறார்கள்; பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். அந்த நிலம் ஒக்குவான் நீர்த்தேக்கத்தின் நீர்வரத்துப் பகுதி. வடக்கு வர்ஜீனியாவில் லட்சக்கணக்கான பேர் குடிக்கும் தண்ணீர் அது. வரத்துக்காலில் கான்கிரீட் போட்டால் கண்மாய்க்கு என்ன வந்து சேரும் என்பது எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

பேசிவிட்டு வந்து உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைப் பெரியவர் கை கொடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவர் நிலத்தை விற்கச் சம்மதித்தவர்களில் ஒருவர். எதிர்க்கட்சி! கையில் மடித்து மடித்துக் கிழிந்துபோன தன் நிலத்தின் வரைபடம். அதில் பென்சிலால் ஒரு கோடு. "இதுதான் உயரழுத்த மின்கம்பி போற பாதை. கோபுரம் நட்டப்போ எங்களுக்காக ஒருத்தரும் மூணு நிமிஷம் பேச வரலை. இப்ப என் நிலத்தை எல்லாரும் பாதுகாக்க வர்றீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அதை வைத்திருப்பவருக்கு வயல் வயலாகவே இருப்பதில் ஏதாவது வருமானம் வேண்டும். பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, கட்டும் உரிமையைக் கவுண்டியே விலை கொடுத்து வாங்குவது போன்ற வழிகள் இந்த நாட்டில் பல இடங்களில் நடப்பில் இருக்கின்றன. எங்கள் கவுண்டி அதை முன்னாலேயே பெரிய அளவில் செய்திருந்தால் அந்தப் பெரியவர் எங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

கவுண்டியை நடத்தும் எட்டு பேர் போர்டின் முடிவு 4-3, ஒருவர் வாக்களிக்கவில்லை. திட்டம் பாஸ். அதுவும் புதிய போர்டு பதவியேற்கச் சில வாரங்களே இருந்தபோது. திட்டத்தை ஆதரித்த போர்டு தலைவர் அந்த ஜூன் மாதமே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் தோற்றிருந்தார்.

ஓக் வேலி குடியிருப்போர் சங்கத்தினர் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சர்க்யூட் கோர்ட் அந்த ரீசோனிங் செல்லாது என்றது. காரணம், ஹியரிங் பற்றிய நாளிதழ் அறிவிப்பு சட்டம் சொன்னபடி வரவில்லை. வழக்கு அப்பீலுக்குப் போனது வேறு கதை. "சின்ன டெக்னிக்கல் காரணம்" என்று ஆபீஸில் ஒருவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2,100 ஏக்கரின் தலையெழுத்தை எட்டு பேர் எழுதப் போகிறார்கள் என்றால், என்று, எங்கே, எந்தக் காகிதத்தை வைத்து என்பதை ஊருக்கு நேரத்தோடு சொல்வதுதான் சாதாரண ஜனங்களுக்கு இருக்கும் ஒரே பிடி. அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆஷ்பர்னிலிருந்து:

அக்கா, உங்களுக்கு ஹியரிங்காவது இருந்தது. எங்கள் லவுடன் கவுண்டியில் அதுவும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் டேட்டா சென்டருக்காக மரம் வெட்ட ஆரம்பித்ததும் கவுண்டி ஆபீஸ் கவுண்டரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி மரியாதையாகவே சொன்னார்: "அந்த மண்டலத்தில் இது பை-ரைட். ஓட்டெடுப்பு கிடையாது, பிளான் விதிப்படி இருக்கான்னு மட்டும் நாங்க பார்ப்போம்." யாரிடம் போய்ப் பேசுவது? 2025 மார்ச்சில்தான் போர்டு அந்த பை-ரைட்டை எடுத்தது. இனிமேல் புதிதாக வருவதற்குச் சிறப்பு அனுமதி, ஹியரிங் எல்லாம் வேண்டும். எங்கள் பின்புறம் கட்டியது கட்டியதுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 வரை வீட்டு வரி 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்தது. 2025-இல் 80 சென்ட் சொச்சம். சர்வர்களுக்கு வாங்கும் வரிதான் அதற்குப் பெரிய காரணம். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அதில்தான் நடக்கிறது. ஆனால் கூலிங் ஃபேன் ஹூம் என்று ராத்திரி முழுக்க ஓடும். ஜன்னலை மூடினால் சத்தம் குறையும், சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரியும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "ஏண்டா, பக்கத்துல ரைஸ் மில் ஓடுதா?" என்று கேட்டார்.

கெயின்ஸ்வில்லிலிருந்து:

தம்பி, சிறப்பு அனுமதிக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் விடாமல் பாருங்கள். கட்டடத்தின் உயரம், வேலியிலிருந்து எத்தனை அடி, டீசல் ஜெனரேட்டரைச் சோதிக்கும் நேரம் எல்லாம் அனுமதி நிபந்தனையாகவே எழுத்தில் வர வேண்டும், வாய்ச்சொல் நிற்காது. முக்கியமாக, சப்ஸ்டேஷன் (துணை மின் நிலையம்) எங்கே, அதற்கு மின்கம்பி யார் நிலத்தின் மேல் வரப்போகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நிலத்துக்காரர் வீட்டுக்கு முதலில் போய்ப் பேசுங்கள்.