எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.: ‘மடிவு’க்குப் பதிலாக ‘மடிப்புநிலை’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி.யின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. பற்றிய கலைச்சொற்களில், ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் ‘ஸ்பிளைசிங்’ (splicing) என்பதற்குக் குளச்சல் ஆசிரியை அம்மா முன்வைத்த ‘பிளவு’, ஆர்.என்.ஏ. மடிந்து கொள்ளும் வடிவத்துக்குத் தக்கலை ஐயா முன்வைத்த ‘மடிவு’ ஆகிய இரு சொற்களையும், நாகர்கோவிலில் செவிலியர் படிப்பு மாணவியருக்காக நான் எழுதிவரும் எச்.ஐ.வி. பாடத்தில் இட்டுப் பார்த்தேன். இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

‘பிளவு’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. ஆர்.என்.ஏ.வில் இன்ட்ரான் எனப்படும் இடைப்பகுதி வெட்டி நீக்கப்பட்டபின் இருபுறத் துண்டுகளும் ஒன்றாகச் சேர்வதால் ‘வெட்டிணைப்பு’ என்பதே பொருந்தும். ஏறத்தாழ 9,200 நியூக்ளியோடைடு (சங்கிலியின் அலகு) நீளமுள்ள ஒரே ஆர்.என்.ஏ.வை வெவ்வேறு இடங்களில் வெட்டி இணைத்தே இந்த வைரஸ் புரதம் உருவாக்கக் குறிப்பு தரும் தூது ஆர்.என்.ஏ.க்கள் 40-க்கும் மேற்பட்டவற்றைப் பெறுகிறது. முழுதும் வெட்டிணைத்தவற்றிலிருந்து டாட், ரெவ் போன்ற புரதங்கள் உருவாகின்றன. வெட்டப்படாமல் விடப்பட்டதோ காக் புரதத்துக்கு மூலமாவதுடன், புதிய வைரஸுக்குள் மரபுப்பொருளாகவும் புகுகிறது. ஆகவே எல்லாவற்றையும் வெட்டிவிட்டாலும் வைரஸுக்குக் கேடு, எதையும் வெட்டாவிட்டாலும் கேடு.

இந்த அளவைக் காப்பதில் ஆர்.என்.ஏ.வின் வடிவத்துக்கும் பங்கு உண்டு என்பதால்தான் அந்த வடிவத்தைக் குறிக்கும் சொல்லையும் நான் வலியுறுத்துகிறேன். வடிவத்தை ‘கட்டமைப்பு’ என்றால் ஒருமுறை கட்டி முடிந்த, அசையாத ஒன்றையே மாணவியர் நினைக்கிறார்கள். 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வோ, தொற்றுக்கு உள்ளான செல்களில் ஒரே நியூக்ளியோடைடு வரிசை கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்றுக்கு மேற்பட்ட விதங்களில் மடிந்திருப்பதைக் காட்டியது. டாட் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. உருவாகப் பயன்படும் ஏ3 என்ற வெட்டிணைப்பு இடம் ஒரு மடிப்பில் மறைவாகவும் இன்னொன்றில் வெளிப்படையாகவும் இருக்கிறது. இவ்விரண்டின் விகிதம் மாறினால் அங்கே நடக்கும் வெட்டிணைப்பின் அளவும் மாறுகிறது. நம் ஊரில் சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதும் போலத்தான்: துணி ஒன்றே, வெளியே தெரியும் பகுதிதான் வேறு.

அந்த மாறுதன்மையை ‘மடிவு’ உணர்த்துகிறது என்பதில் ஐயாவுடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மடிதல் என்பது சாதலையும் குறிக்கும். நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் அழிவதை விளக்கும் அதே பாடத்தில் இச்சொல் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். எனவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘மடிப்புநிலை’ என்றும், ஒரே வரிசை பல வடிவங்களில் இருப்பதற்குப் ‘பன்மடிப்புநிலை’ என்றும் வைக்கலாம். ‘பன்மடிப்பு’ என்று சுருக்கினால் ‘பன்மடங்கு’ என்று வாசித்துவிடக் கூடும்.

பரிணாமப் பகுதிக்கும் இச்சொற்கள் கைகொடுக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும், வைரஸின் தலைகீழ்ப் படியெடுப்பு நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லாததால் திடீர்மாற்றங்கள் ஓயாமல் நேர்கின்றன. அவற்றுள் புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தைக்கூட மாற்றாத மாற்றமும் மடிப்புநிலைகளின் விகிதத்தைக் குலைத்து வெட்டிணைப்பைத் தவறச் செய்யலாம். அப்படி வலுவிழந்த வைரஸ் போட்டியில் பின்தங்கும். இணைசேர்ந்து நிற்கும் இரண்டு நியூக்ளியோடைடுகளில் ஒன்று மாறும்போது மற்றதும் ஈடாக மாறினால் மடிப்பு நிலைபெறும். அமினோ அமிலத்தை மாற்றாத மாற்றமும் இப்படி வைரஸைப் பாதிப்பதால், அதை ‘அமைதி மாற்றம்’ (silent mutation) என்பதை விடப் ‘புரதம் மாற்றாத மாற்றம்’ என்றே எழுத விரும்புகிறேன். சற்று நீளம்தான், ஆயினும் தவறான பொருள் தராது.

வெட்டும் இடங்களின் பெயர்கள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இன்ட்ரானின் தொடக்க முனைக்குக் ‘கொடைமுனை’ (donor) சரி, அதன் இணையான முடிவு முனையை (acceptor) ‘ஏற்பி’ என்றால், வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றும் சிடி4 ஏற்பியோடு குழம்பும். ‘ஏற்புமுனை’ என்று வைக்கலாமா என்பதை அம்மாவும் ஐயாவும் தெரிவித்தால், அச்சுக்குச் செல்லும் பாடத்தில் அதையே சேர்த்துவிடுவேன்.