32-வது கிலோமீட்டரில் கால் நின்றுபோன அன்று

எனக்கு அது முதல் மாரத்தான், 42.195 கிலோமீட்டர். பயிற்சியில் 25 கிலோமீட்டர் வரை ஓடியிருந்தேன், மீதியையும் ஓடிவிடலாம் என்று நம்பினேன். முந்தின நாள் இரவு பதற்றத்தில் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வெறும் தண்ணீர்தான்.

30 தாண்டியதும் வேகம் தானாகக் குறைந்தது. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவும் இல்லை. தொடையில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து முடிச்சுப் போடப் பார்த்தால் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. எதிரே 32 என்று பலகை. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கழித்துப் பார்க்க முயன்றேன், விடை வரவே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பக்கத்தில் வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, முதலில் இதை வாயில் ஊற்று" என்று குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது. மீதியை நடந்தே முடித்தேன்.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம் நிறையப் படித்தேன். நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்றால் மொத்தம் 2,000. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி ஆகும். என் எடை 65 கிலோ, ஆக முழுத் தூரத்துக்கும் 2,700-க்கு மேல் வேண்டும். பற்றாக்குறையைக் கொழுப்புதான் ஈடுகட்ட வேண்டும். ஒல்லியானவர் உடம்பிலும் கொழுப்பு கிலோ கணக்கில் இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். அந்த வேகத்துக்கு அது மட்டும் போதாது.

மூளையைப் பார்த்துக்கொள்வது கல்லீரலின் சேமிப்பு. இரவு உறக்கத்திலேயே அது கணிசமாகக் கரைந்துவிடும். நான் அதை நிரப்பாமல் ஓடியிருக்கிறேன், கழித்தல் கணக்கு வராமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தசையின் கிளைகோஜன் அந்தத் தசைக்கு மட்டுமே. கைத் தசையில் நிறைய இருந்தாலும் அது காலுக்குக் கொடுக்காது. 1966-ல் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மேன் என்ற இரு ஸ்வீடன் ஆய்வாளர்கள் தங்கள் உடம்பிலேயே இதைச் சோதித்தார்கள். ஒரே சைக்கிள், இருவரும் ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். மிதித்த கால் காலியானது, சும்மா இருந்த காலில் சேமிப்பு அப்படியே இருந்தது. ஊசியால் தம் தொடைச் சதையை எடுத்துப் பார்த்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். படித்தபோது சிலிர்த்துப் போனேன்.

*

அண்ணா எழுதியது நீண்ட தூரத்தின் கதை. நான் 100, 400 மீட்டர் ஓடுகிறவள், எங்களுக்கு வேறு அடுப்பு. தசை நேரடியாகச் செலவழிக்கும் எரிபொருள் ஏடிபி, தசையில் இருப்பது ஓரிரு நொடிக்குத்தான் வரும். அடுத்து, அந்த ஏடிபியைச் சட்டென்று மறுபடி உண்டாக்கித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் பத்து நொடி போலக் கைகொடுக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் கோச் மூன்று நான்கு நிமிடம் நிற்க வைப்பார், எனக்கு எரிச்சலாக இருக்கும். கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப நிரம்புவதற்கான நேரம் அது என்று பிறகுதான் புரிந்தது.

400-ல் கடைசி 80 மீட்டர் வேறு உலகம். தொடை தீயாய் எரியும், முழங்காலைத் தூக்கவே முடியாது. அதற்கு லாக்டிக் ஆசிட்தான் காரணம், மறுநாள் வலியும் அதனால்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். மறுநாள் வலிக்கு அது காரணமே இல்லை. லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்பில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிடும். இதயம் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்குகிறது. வலி, தசை நார்களில் விழும் நுண்ணிய சிதைவுகளால் வருவது. பாவம், இத்தனை வருடம் லாக்டேட்டைத் திட்டியிருக்கிறோம்.

*

தங்கை சொன்னது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. அடுத்த வருடம் மறுபடி ஓடினேன். முந்தின இரண்டு நாளும் மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டேன், காலையிலும் சாப்பிட்டேன். ஓடும்போது மணிக்கு 40 கிராம் போல, ஆரம்பத்திலிருந்தே. பசிக்கும் வரை காத்திருக்கவில்லை. 32 பலகை வந்தது. 10.195 மிச்சம் என்று உடனே கழித்துவிட்டேன்.